பொதுக் கோப்புறைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

"நேற்றுத்தான் சேமித்தேன், இன்று காணவில்லை." கடந்த 25 ஆண்டுகளில் இந்த வசனத்தை நான் கேட்காத அலுவலகம் இல்லை எனலாம். பத்திரிகைக் காரியாலயங்களிலே கேட்டிருக்கிறேன். பிரதேச செயலகங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், பாடசாலைகளிலும், வெளிநாடுகளில் எம்மவர் நடத்துகின்ற சிறு நிறுவனங்களிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர் சேமித்தது உண்மை. கோப்பு இப்போது அங்கே இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையே நடந்தது என்ன என்று கண்டறிவது கணனித் தொழில்நுட்பவியலாளரின் வேலை என்றே எல்லோரும் எண்ணுகின்றனர். நான் அப்படி எண்ணவில்லை. அந்த வேலையின் பெரும்பகுதி, ஒரு நிருபர் சம்பவ இடத்துக்குச் சென்று செய்கின்ற விசாரணையை ஒத்தது. எஞ்சிய பகுதி, அந்தக் காலத்துப் பிரதம லிகிதர் ஒருவர் சத்தமின்றிச் செய்துவந்த வேலை. இரண்டுமே இன்று எவருக்கும் உரியதல்லாத வேலைகளாகிவிட்டன.

எமது பழைய அரச அலுவலகங்களை அறிந்தவர்களுக்குக் கோவை அறை ஞாபகம் இருக்கும். கூரை வரை எழுந்த இறாக்கைகள், நாடாவால் கட்டிய கோவைகள், அவற்றின் நடுவே மூக்குக் கண்ணாடியுடன் ஒரு மனிதர். கோவை ஒன்று வெளியே போவதானால் அதன் இலக்கத்தையும் திகதியையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி, கொண்டு செல்பவரிடம் கையொப்பம் வாங்கிய பின்னரே கொடுப்பார். திரும்பி வராவிட்டால் மேசைக்கே வந்து நிற்பார். அவர் விடுமுறையில் போனால் அலுவலகமே தடுமாறும். நாமெல்லாம் அவரைக் கேலி செய்தவர்கள்தாம். கணனி வந்தபோது இறாக்கைகளை அகற்றினோம்; கூடவே அவரையும் அகற்றிவிட்டோம்.

அவரது இடத்துக்கு வந்ததுதான் பொதுக் கோப்புறை. அலுவலகத்தின் ஒரு மூலையில் இருக்கும் சேர்வர் கணனியிலோ, அதற்கென வாங்கிய ஒரு சிறு பெட்டியிலோ இடம் ஒதுக்கி, எல்லோரும் தத்தம் மேசையிலிருந்தே திறக்கக்கூடியதாக வலையமைப்பில் இணைத்துவிடுகிறார்கள். வசதியான ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலான இடங்களில், உள்ளே வருகின்ற எவரும் எதையும் எடுக்கலாம், திருத்தலாம், இடம் மாற்றலாம், அழிக்கலாம். கையொப்பம் கேட்பதற்கு அங்கே யாருமில்லை.

இதனால் ஏற்படக்கூடிய இழப்பு ஒரு கடிதமோ கணக்கறிக்கையோ மட்டுமே என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்த பின்னர், அப்போது நான் பணியாற்றிய பத்திரிகையில் முகாம்களில் இருப்போரின் பெயர்களையும் தேடப்படுவோரின் பெயர்களையும் தொலைபேசியிலும் தொலைநகலிலும் பெற்றுத் தட்டச்சுச் செய்து வந்தோம். அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு என்று மாவட்ட வாரியாக ஆவணங்கள் ஒரே கோப்புறையில் இருந்தன. ஐந்தாம் நாள் மாலை அந்தக் கோப்புறையைக் காணவில்லை. தொலைபேசியோ ஓயவில்லை. கனடாவிலிருந்து ஓர் அம்மா மூன்று தடவைகள் அழைத்தார். "தம்பி, என்ர தங்கச்சியின்ர பேர் இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ" என்றார். அரை மணித்தியாலம் கழித்து எடுங்கள் அம்மா என்று மூன்று தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

ஆசிரிய பீடத்தில் அப்போது எழுந்த முதற் கேள்வி, "யார் அழித்தது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு உலகெங்கும் ஒரே பதில்தான் உண்டு: "நான் தொடவில்லை." கணனிப் பிரிவுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். கோப்புறையைக் கண்டுபிடித்தவர், கணனியை அதிகம் தொட்டே அறியாத ஒப்புநோக்குநர் ஒருவர். கடைசியாக அதைத் திறந்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்த மேசையிலிருந்து, அதன் பின்னர் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டே போனார். நாலரை மணியளவில் கேள்விப்பத்திர அறிவித்தல் ஒன்றைத் தேடி விளம்பரப் பிரிவுப் பிள்ளை ஒருவர் அந்தப் பக்கம் வந்து போனது தெரியவந்தது. அவரது கையிலிருந்த மவுஸ், பெயர்ப் பட்டியல் கோப்புறையை அடுத்திருந்த விளம்பரக் கோப்புறைக்குள் இழுத்துப் போட்டிருந்தது. அவருக்கே அது தெரியாது. ஒரு பெயரும் தொலையவில்லை. இரண்டு மணித்தியாலங்கள் தொலைந்திருந்தன.

பொதுக் கோப்புறைகளில் கோப்புகள் காணாமற் போவதற்கு நான் கண்டவற்றுள் மிகச் சாதாரணமான காரணம் இதுவே. இதைத் தேடுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு கோப்புறை இடம் மாறும்போது, அதனுள்ளிருக்கும் ஆவணங்களின் திகதி மாறுவதில்லை. ஆகவே "இன்று திருத்தப்பட்டவை" என்று தேடினால் அகப்படாது. ஆனால் அதைத் தன்னுள் வாங்கிக்கொண்ட கோப்புறையின் திகதி பொதுவாக மாறிவிடும். விண்டோஸ் சேர்வராயின், கோப்புறைகளைத் திருத்திய நேரத்தின்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், எவரும் புதிதாக எதுவும் எழுதாத ஒரு கோப்புறை இன்றைய நேரத்தைக் காட்டிக்கொண்டு மேலே நிற்கும். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்த காரணம், சேமித்த இடம் நாம் நினைத்த இடமல்ல என்பது. மின்னஞ்சலில் வந்த இணைப்பை அப்படியே திறந்து, இரண்டு மணித்தியாலம் திருத்தி, "சேவ்" பொத்தானை அழுத்துகிறோம். அது மின்னஞ்சல் மென்பொருளின் தற்காலிகக் கோப்புறை ஒன்றினுள், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் அமர்கிறது. அதேபோல, காலையில் வலையமைப்பு சற்றுத் தடைப்பட்டிருந்தால், மென்பொருள் சேமிப்பதற்குத் தன் சொந்தக் கணனியின் "டொகியுமென்ட்ஸ்" பகுதியைக் காட்டும். அவசரத்தில் நாமும் சரியென்று அழுத்திவிடுகிறோம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. எந்த மேசையில் வேலை செய்தாரோ அதே மேசையில், அதே வேர்ட் மென்பொருளில், அண்மையில் திறந்தவற்றின் பட்டியலைப் பார்க்க வேண்டும். கோப்பின் முழு முகவரியும் அங்கே இருக்கும். சேர்வரைத் தலைகீழாகப் புரட்டுவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் அநேகமாகக் கடைசியாகத்தான் செய்யப்படுகிறது.

முகவரி என்றதும் இன்னொன்று. "இஸட் டிரைவில் போட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. அந்த ஆங்கில எழுத்து ஒவ்வொரு கணனியிலும் தனித்தனியாகச் சூட்டப்படுகின்ற செல்லப்பெயர். கணக்குப் பிரிவின் இஸட் வேறு, நிர்வாகப் பிரிவின் இஸட் வேறாக இருக்கலாம். சேர்வரின் பெயரோடு தொடங்கும் முழு முகவரியைக் கேட்டு வாங்க வேண்டும். ஊர்ப் பெயர் சொல்லாமல் "கோயிலடியில் இறக்கிவிட்டேன்" என்று முச்சக்கரவண்டிக்காரர் சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா?

மடிக்கணனி வைத்திருப்போருக்கு வேறொரு சிக்கல் உண்டு. விண்டோஸில் "ஓஃப்லைன் ஃபைல்ஸ்" என்றொரு வசதி இருக்கிறது. வலையமைப்பு இல்லாதபோதும் வேலை செய்வதற்காக, பொதுக் கோப்புறையின் பிரதியொன்றை அது மடிக்கணனியிலேயே வைத்துக்கொள்ளும். அவர் சேமித்த கோப்பு அவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இரு தரப்பாரும் மற்றவரைப் பொய்யர் என்று நினைத்துக்கொள்வார்கள். மடிக்கணனியை அலுவலக வலையமைப்பில் இணைத்து ஒத்திசைவு முடியும் வரை பொறுத்திருந்தால் வழக்குத் தீர்ந்துவிடும்.

கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தும் கண்ணுக்குத் தெரியாமற் போவதும் உண்டு. ஒருவருக்குத் திறக்க அனுமதி இல்லாதவற்றை அவருக்குக் காட்டாமலே மறைத்துவிடும் ஏற்பாடு, 2005இல் வெளிவந்த விண்டோஸ் சேர்வர் 2003இன் முதலாவது திருத்தப் பொதியிலிருந்தே கிடைக்கிறது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் நிர்வாகப் பிரிவின் பூட்டிய கோப்புறை ஒன்றிலிருந்து ஒரு கடிதத்தைப் பொதுவான இடத்துக்கு நகர்த்தினால், அதே வட்டிற்குள் நகர்த்தப்பட்ட காரணத்தால் பழைய அனுமதிகளையும் அது கூடவே எடுத்து வரக்கூடும். நகர்த்தியவர் பார்க்கிறார், மற்றவர் எவருக்கும் அது இல்லை. நகர்த்தாமல் பிரதி எடுத்துப் போட்டிருந்தால் புதிய இடத்தின் அனுமதிகளைப் பெற்றிருக்கும்.

வேர்ட் மென்பொருள் சேமிக்கும் முறையையும் ஒரு தடவை விளங்கிக்கொள்வது நல்லது. அது பழைய ஆவணத்தின் மேல் அப்படியே எழுதுவதில்லை. புதிதாக ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி முடித்த பின்னர், பழையதை நீக்கிவிட்டுப் புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. இந்தப் பெயர் மாற்றம் நடக்கின்ற கணத்தில் மின்சாரம் தடைப்பட்டாலோ வலையமைப்பு அறுந்தாலோ, பழைய பெயரில் எதுவும் இல்லாமற் போய், எண்களும் எழுத்துகளுமாக ஒரு விசித்திரப் பெயருடைய "டெம்ப்" கோப்பு மட்டும் அனாதையாகக் கிடக்கும். 2022இல் இலங்கையில் நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு இருந்தபோது இப்படிக் கிடந்தவற்றைக் "குப்பை" என்று துடைத்தெறிந்த அலுவலகம் ஒன்றை நான் அறிவேன். துடைத்தவர் துப்புரவில் அக்கறை கொண்டவர். தவறான எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. அத்தகைய கோப்பை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து, வேர்ட் மூலம் திறந்து பார்த்திருக்கலாம். எல்லாம் மீளாது, சில மீளும்.

இத்தனையும் பார்த்த பின்னரே "அழிக்கப்பட்டுவிட்டது" என்ற முடிவுக்கு வரலாம். வந்தால் அதன் பின்னர் நேரம் மிக முக்கியம். சொந்தக் கணனியில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வலையமைப்பிலுள்ள கோப்புறையிலிருந்து அழித்தது அங்கே போகாது, நேரே போய்விடும். இதை அறியாதவர்கள் இன்னமும் ஏராளம். விண்டோஸ் சேர்வரில் "ஷாடோ கொப்பி" என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி, "பிரீவியஸ் வேர்ஷன்ஸ்" என்பதைத் தெரிவுசெய்து, முன்னைய நிலையைப் பார்க்கலாம். அதற்கென வழக்கமாக அமைந்திருக்கும் நேர அட்டவணை வார நாட்களில் காலை 7 மணியும் நண்பகல் 12 மணியும் ஆகும். ஆகவே நண்பகலுக்குப் பின் தொடங்கி மாலையில் அழிந்த ஆவணம் அதில் இராது. ஒரு வட்டுக்கு 64 பிரதிகளுக்கு மேல் அது வைத்திருக்காது. இடம் போதாவிட்டால் அதற்கும் முன்னரே பழையவற்றைக் கழித்துவிடும். சேமிப்புப் பெட்டிகள் பலவற்றில் வலையமைப்புக் கோப்புறைக்கென்றே தனியான ரீசைக்கிள் வசதி உண்டு, யாராவது அதை இயக்கியிருந்தால். மீட்கும்போதும், பழைய கோப்புறை முழுவதையும் இன்றைய கோப்புறையின் மேல் கொட்டிவிடாமல், வேறோரிடத்தில் மீட்டெடுத்து வேண்டியதை மட்டும் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் ஆவணம் மீளும், இன்னும் பத்துப் பேரின் இன்றைய வேலை போய்விடும்.

இங்கேதான் "யார் அழித்தது?" என்ற கேள்வியின் உண்மையான விலை தெரிகிறது. மீட்கக்கூடிய பிரதிகள் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் கழிந்துகொண்டிருக்கும்போது, தவறுதலாகக் கை பட்டவர் பேசாமலிருக்கிறார். அவர் பேசாமலிருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. தற்காலிக நியமனத்தில் உள்ள ஒரு பிள்ளை, பணிப்பாளர் கத்திக்கொண்டிருக்கும் அறையில் எழுந்து நின்று "நான்தான் ஐயா" என்று சொல்லுமா? பெரிய இடங்களிலும் இப்படித்தான். அமெரிக்காவின் டலஸ் நகரில் 2021இல் மாநகரத் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் ஊழியர் ஒருவர் பொலிஸ் கோப்புகளை ஒரு சேமிப்பிடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகையில் 22 டெராபைட் தரவுகள் அழிந்தன. அவற்றுள் 14 டெராபைட் அளவு மீட்கப்பட்டது. ஏறக்குறைய 8 மீளவில்லை. அழிந்தது ஏப்ரலில் தெரிந்தது. குற்றவியல் வழக்குகளை நடத்துகின்ற மாவட்டச் சட்டத்தரணி அலுவலகத்துக்கு ஓகஸ்ட்டில்தான் அறிவித்தார்கள். நான்கு மாதங்களாக, எந்த வழக்கின் சாட்சியம் காணாமற் போயிருக்கலாம் என்பதை அறியாமலே வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. ஆகவே பணிப்பாளர்கள் ஒரு விதியை எழுதி ஒட்டிவிடலாம்: முதல் மணித்தியாலத்துக்குள் சொல்பவரிடம் விளக்கம் கோரப்படமாட்டாது. ஒழுக்காற்று நடவடிக்கைகளில் ஊறிய எமது நிர்வாகிகளுக்கு இது கசக்கும் என்பது எனக்குத் தெரியும்.

காப்புப் பிரதி விடயத்துக்கு வருவோம். எல்லா அலுவலகங்களிலும் "பெக்அப் இருக்கிறது" என்ற பதில் கிடைக்கும். எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதே சேர்வரின் இன்னொரு வட்டில் என்பார்கள். கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டால், மௌனம். இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதுகின்ற ரெய்ட் முறை, வட்டு பழுதானால் காக்கும். மனிதர் அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழித்துத் தரும்.

2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள அரச தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்களில் தீப்பற்றியது. அங்கே "ஜி-டிரைவ்" என்ற பெயரில் அரச ஊழியர்களுக்கான பொதுச் சேமிப்பிடம் ஒன்று இருந்தது. ஆவணங்களைத் தத்தம் மேசைக் கணனியில் வையாது அதிலேயே வைக்குமாறு அவர்களுக்குப் பணிக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய 125,000 அலுவலர்கள் அதைப் பயன்படுத்தி வந்தனர். 858 டெராபைட் தரவுகள் எரிந்து போயின. அது மிகப் பெரிய கொள்ளளவு கொண்டது என்பதால் வெளியே காப்புப் பிரதி வைக்கப்படவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. தகவல் தொழில்நுட்பத்தில் உலகுக்கு வழிகாட்டுகின்ற நாடு அது. அந்த ஊழியர்கள் விதியை மீறியவர்களல்லர். விதிப்படி நடந்ததாலேயே எல்லாவற்றையும் இழந்தார்கள்.

இலங்கைக்கும் அனுபவம் உண்டு. 2023 ஓகஸ்ட்டில் அரசாங்க மேகக் கணிமை வலையமைப்பின் மீது கப்பம் கோரும் வைரஸ் தாக்குதல் நடந்தபோது, அரச மின்னஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்திய அலுவலகங்கள் 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அக்காலப்பகுதிக்கு மீட்கத்தக்க காப்புப் பிரதி இருக்கவில்லை. இரண்டு நாள் செய்தியாக வந்து போனது. காணிக்கும் ஓய்வூதியத்துக்கும் இழப்பீட்டுக்கும் வருடக்கணக்கில் அலைகின்ற மக்கள் வாழ்கின்ற நாட்டில், அரச கடிதப் போக்குவரத்தில் மூன்று மாதங்கள் இல்லாமற் போனது ஏன் பெரிய விவாதமாகவில்லை என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

எமது சொந்த நிறுவனங்களைப் பற்றிப் பேசாமல் அரசை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் எவரும் எரிக்காமல், எமது அசட்டையினாலேயே தொலைந்தவற்றை நாம் கணக்கில் எடுப்பதில்லை. 1990களிலும் 2000களிலும் கணனியில் பக்கம் அமைத்த எத்தனை தமிழ்ச் சஞ்சிகைகளின் மூலக்கோப்புகள் இன்று திறக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினர் அச்சுப் பிரதிகளைத் தேடித் தேடி மின்வடிவாக்கி வருகின்றனர். கணனியிலேயே பிறந்த ஆவணத்தை, அச்சடித்த தாளிலிருந்து திரும்பவும் படம் பிடித்துக் கணனிக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்றால் குற்றம் யாருடையது?

புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோயில் சபைகளும் சேர்வர் வைத்திருப்பதில்லை. செயலாளரின் சொந்தக் கூகிள் கணக்கில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதை எல்லோருக்கும் பகிர்ந்துவிடுகிறார்கள். பொதுவான சொத்துப் போலத் தோன்றும். உரித்து அந்தச் செயலாளருடையது. 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிப்பட்ட கணக்குகளைக் கூகிள் நீக்கக்கூடும். செயலாளர் காலமாகிவிட்டால், அவரது பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு இருப்பதே தெரியாமலும் போகலாம். அங்கத்தவர் பதிவும், கூட்ட அறிக்கைகளும், ஊரில் கட்டிய முன்பள்ளியின் கணக்குகளும் அவரோடு போகும். அழித்தவற்றைக் கூகிள் டிரைவ் 30 நாட்கள் வரை குப்பைக்கூடையில் வைத்திருக்கும். அலுவலகங்கள் பயன்படுத்தும் மைக்ரோசொஃப்டின் ஷெயார்பொயின்ட் 93 நாட்கள் வைத்திருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஆண்டுப் பொதுக்கூட்டம் கோப்பைத் திறக்கின்ற சங்கத்துக்கு இந்த நாட்களால் பயனில்லை. சங்கத்தின் பெயரிலேயே ஒரு கணக்கு, இருவரிடம் கடவுச்சொல், வருடத்துக்கு இரு தடவை வெளி வன்தட்டு ஒன்றில் முழுப் பிரதி என்பவற்றை அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம்.

அலுவலகங்களைப் பொறுத்தவரை நான் வேண்டுவது பழைய கோவை அறை மனிதரையே. புதிய மென்பொருள் வாங்குவதற்கு முன்னர், பொதுக் கோப்புறைக்குப் பொறுப்பாளர் இன்னார் என்று ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் கணனிப் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையாகக் கேள்வி கேட்கத் தெரிந்த லிகிதரோ நூலகரோ போதும். மேல்நிலைக் கோப்புறைகளை உருவாக்கவும் நகர்த்தவும் அவருக்கு மட்டுமே அனுமதி இருக்கட்டும். மற்றவர்கள் அவற்றினுள்ளே எழுதட்டும். அந்த ஒரு கட்டுப்பாடு இருந்திருந்தால் எமது பெயர்ப் பட்டியல் இழுபட்டுப் போயிராது. மாதத்துக்கு ஒரு தடவை, காப்புப் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை அவர் மீட்டுத் திறந்து பார்த்து, பழைய பதிவுப் புத்தகம் போன்ற ஒரு கொப்பியில் திகதியிட்டு ஒப்பமிட வேண்டும். அந்த வேலைக்கு அரை மணித்தியாலம் போதும். அதற்கும் ஆளில்லை என்று சொல்லும் அலுவலகங்களில், காணாமற் போன கோப்பைத் தேடுவதற்கு மட்டும் ஐந்தாறு பேர் அரை நாள் நிற்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

தமிழில் வேலை செய்யும் அலுவலகங்களின் பொறுப்பாளர் மேலும் இரண்டைத் தெரிந்திருக்க வேண்டும். யூனிகோட்டில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். எகரக் கொம்பையும் அரவையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். "கொழும்பு" என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்பதைக் கண்டு பேய் பிடித்ததாகப் பயப்பட வேண்டாம். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். அதோடு, முழு முகவரியும் 260 எழுத்துக் குறிகளை மீறினால் பல மென்பொருட்கள் கோப்பைத் திறக்க மறுக்கும். தமிழில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், "செய்திகள்" என்ற ஐந்தெழுத்துச் சொல் ஒன்பதாகிவிடுகிறது. கோப்புறைகளின் பெயர்களைச் சுருக்கமாக வைப்பதும், முன்னால் ஆண்டு மாதம் திகதியை எண்களில் இடுவதும் நல்லது.

மற்றது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்தவை. அவற்றினுள் தமிழில் ஒரு பெயரைத் தேடினால் எப்போதும் "இல்லை" என்றே வரும். கணனியைப் பொறுத்தவரை அந்த ஆவணத்தில் தமிழே கிடையாது. ஒழுங்கற்ற ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே இருக்கின்றன. பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தேட வேண்டிய பெயரை அவற்றின் மூலம் எதிர்த்திசையில் பாமினிக்கு மாற்றி, அந்த ஆங்கிலக் கோர்வையைத் தேடுபெட்டியில் இட்டால், பத்து ஆண்டுகளாகக் காணாமற் போயிருந்த ஆவணங்களும் சில வேளைகளில் எழுந்து வரும். எல்லாவற்றையும் ஒரேயடியாக யூனிகோட்டுக்கு மாற்றப் புறப்படுபவர்கள், மூலக்கோப்புகளையும் அந்த எழுத்துருவையும் தனியாகப் பிரதி எடுத்து வைத்துவிட்டு மாற்றத்தைத் தொடங்குங்கள்.